கூடாரத்தில் இரண்டு இரவுகள், மரக்கயிற்றுப் பாதையில் ஒரு பகல்: காரைக்குடிப் பக்கத்திலிருந்து பிள்ளைகளோடு எங்கே போகலாம்?

கண்டனூர்ப் பெரியப்பா

அனைவருக்கும் வணக்கம். ஒவ்வொரு மே மாதமும் எங்கள் குடும்பத்துப் பிள்ளைகள் சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர் என்று பல ஊர்களிலிருந்து கண்டனூரில் உள்ள பூர்விக வீட்டுக்கு வந்து கூடுகிறார்கள். முதல் வாரம் வீட்டின் உள்முற்றமான வளவிலும் அதற்கடுத்த இரண்டாம் கட்டிலும் ஓடியாடிக் களைக்கிறார்கள். அடுத்த வாரமே ஆளுக்கொரு கைப்பேசியுடன் தூணுக்கொருவராகச் சாய்ந்துவிடுகிறார்கள். இந்த ஆண்டு அவர்களை மலைப்பக்கம் அழைத்துச் சென்று, இரண்டு இரவுகள் கூடாரத்தில் தங்கவைத்து, ஒரு பகல் முழுவதும் மரத்துக்கு மரம் கட்டிய கயிற்றுப் பாலங்களில் நடக்கவும், வடத்தில் தொங்கியபடி சறுக்கும் ஜிப்லைனில் செல்லவும் வாய்ப்பளிக்க வேண்டும் என்று எண்ணுகிறேன்.

பிள்ளைகள் ஒன்பது பேர். கடைக்குட்டிக்கு ஆறு வயது, மூத்தவனுக்குப் பதினாறு. பெரியவர்கள் ஐந்து பேர். அவர்களில் அறுபத்தெட்டு வயதான என் தமக்கையாரும் ஒருவர். தாம் இல்லாமல் பிள்ளைகளை மலைக்கு அனுப்ப மாட்டேன் என்று அவர் உறுதியாகச் சொல்லிவிட்டார். மே மாத நடுவில், அக்னி நட்சத்திரம் உச்சத்தில் இருக்கும்போதுதான் எல்லோருக்கும் நாட்கள் ஒத்துவருகின்றன. கொடைக்கானல் பக்கத்தில் கூடாரம், இரவுத் தீமூட்டம், கயிற்றுப் பாதை, மூன்று வேளை உணவு ஆகிய அனைத்தையும் ஒரே கட்டணத்தில் தருவதாக ஒரு விளம்பரம் பார்த்தேன். ஆனால் முழுத்தொகையையும் முன்பணமாகக் கேட்கிறார்கள். கூடாரம் அமையும் நிலம் யாருடையது என்று கேட்டதற்கு நேரான பதில் கிடைக்கவில்லை. இதை நம்பிப் போகலாமா, வேறு இடம் பார்க்கலாமா, கயிற்றுப் பாதையின் பாதுகாப்பை என்னைப் போன்ற ஒருவர் எப்படிச் சோதித்தறிவது என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சிங்கம்புணரி வழிப்போக்கன்

ஐயா, நிலம் யாருடையது என்ற கேள்விக்குப் பதில் வராத இடத்தில் முன்பணம் கொடுக்க வேண்டாம். தனியார் தோட்டம் என்றால் உரிமையாளர் ஆவணத்தைக் காட்டத் தயங்கமாட்டார். காப்புக்காட்டுக்குள் உரிமமின்றிக் கூடாரம் அடித்துத் தங்குவது வனச் சட்டப்படி குற்றம் என்பதோடு, உயிருக்கும் உறுதியில்லாத செயல். 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடிப் பகுதியில் தங்கும் விடுதி ஒன்றின் கூடாரத்தில் இருந்த பெண் யானை தாக்கி இறந்ததைப் பலரும் செய்தியில் படித்திருப்பீர்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பிறகு, காட்டுக்குள் நடப்பதற்கான விதிமுறைகளை அரசு கடுமையாக்கியது. இன்று காட்டுப்பாதையில் நடக்க விரும்பினால், வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய இணையவழிப் பதிவுத் திட்டத்தில் உள்ள பாதைகளைத் தேர்ந்தெடுத்து, அவர்களுடைய வழிகாட்டியோடு செல்வதே முறை. தீப்பிடிக்கும் பருவத்தில் அப்பாதைகளையும் மூடிவிடுகிறார்கள் என்பதால் திறந்திருக்கும் நாட்களை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

கொடைக்கானலைப் பற்றி என் கருத்து: மே நடுவில் அங்கே போகாதீர்கள். குளிர்ச்சியில் குறையில்லை, ஆனால் அந்த மாதம் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் சேர்ந்து மலைச்சாலையை அடைத்துவிடுகின்றன. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் சொந்த வாகனத்தில் செல்பவர்களுக்கு இ-பாஸ் கட்டாயமாகியுள்ளது. 2025 கோடையில் நாளொன்றுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்ற உச்சவரம்பும் இருந்தது. அரசுப் பேருந்தில் செல்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லையென்றாலும், பதினான்கு பேர் கூடார மூட்டைகளோடு பேருந்தில் ஏறுவது நடவாத காரியம்.

கூடாரத்துக்கு நான் சொல்வது சிறுமலை. திருப்பத்தூர், சிங்கம்புணரி, கொட்டாம்பட்டி, நத்தம் வழியாகத் திண்டுக்கல் செல்லும் சாலை நமக்கெல்லாம் பழகிய சாலைதான். திண்டுக்கல்லை நெருங்கும்போது மலைச்சாலை பிரிகிறது. பதினெட்டு கொண்டையூசி வளைவுகளில் ஏறிவிடலாம். ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறு டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. ஆகவே காரைக்குடியில் 39 டிகிரி அடிக்கும் நாளில் சிறுமலையின் பகல் 33 டிகிரியை ஒட்டி இருக்கும். கொடைக்கானல் குளிரை எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாறுவார்கள். ஆனால் இரவில் கூடாரத்துக்குள் நிம்மதியாக உறங்க இதுவே போதும். வாழையும் காப்பியும் மிளகும் பயிரிடும் தனியார் தோட்டங்கள் அங்கு உண்டு. அவற்றுள் வேலியும் கழிப்பறையும் இரவுக் காவலும் உள்ள ஒன்றை நேரில் பார்த்து முடிவுசெய்யுங்கள். காட்டெருமை நடமாட்டம் உண்டு என்பதால், இருட்டிய பிறகு யாரும் தனியே தோட்டத்தை விட்டு வெளியே செல்லக்கூடாது.

போகும் வழியில் பிரான்மலையில் இறங்கி, கொடுங்குன்றநாதரைத் தரிசித்துவிட்டு, பெரிய பிள்ளைகள் மட்டும் காலை ஏழு மணிக்குள் மலையேறத் தொடங்கட்டும். பாரியின் பறம்புமலை என்று பாடத்தில் படித்தது காலடியில் கிடக்கும். மேலே தர்காவும் உள்ளது. மற்ற மலைகளில் யார் எவ்வளவு தூரம் தாங்குவார்கள் என்பது அந்த ஏற்றத்திலேயே தெரிந்துவிடும்.

கயிறும் கப்பியும்

உயரத்தில் கயிறு கட்டும் வேலையில் நெடுங்காலம் இருப்பவன் என்ற முறையில் கயிற்றுப் பாதையின் பாதுகாப்பு பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். இடம் பார்த்துவிட்டுக் கயிற்றுப் பாதை தேடுவது தலைகீழான வரிசை. கூடாரத்துக்கு ஏற்ற இடமும் கயிற்றுப் பாதைக்கு ஏற்ற இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. இரண்டையும் ஒரே கட்டணத்தில் தருபவர்கள் இரண்டில் ஒன்றைப் பெயருக்குத்தான் வைத்திருக்கிறார்கள் என்பது நான் பார்த்தவரையில் உள்ள நிலை. ஆகவே பயணத்தை இரண்டாகப் பிரித்து யோசியுங்கள்.

ஒரு கயிற்றுப் பாதைக்குச் சென்றவுடன் முதலில் மரத்தைப் பாருங்கள். இரும்புக் கம்பிவடத்தை மரத்தின் பட்டையில் நேரடியாகச் சுற்றி இறுக்கியிருந்தால் அங்கிருந்தே திரும்பிவிடலாம். மரத்தின் உணவோட்டம் பட்டையை ஒட்டித்தான் நடக்கிறது. வடம் அதை நெரித்தால் மரம் மெல்லப் பட்டுப்போகும், பட்ட மரம் எப்போது முறியும் என்று யாராலும் சொல்ல இயலாது. ஒழுங்காகக் கட்டியவர்கள் வடத்துக்கும் பட்டைக்கும் இடையில் மரச்சட்டங்களை நிறுத்தி, மரம் பருக்கப் பருக்க அவற்றைத் தளர்த்திக்கொண்டே வருவார்கள். பிறகு வடத்தின் முனைகளைப் பாருங்கள். அங்கே இருக்கும் பூட்டுகளில் துருவும், வடத்தில் பிசிறிய இழைகளும் இருக்கக்கூடாது. கயிற்றுப் பாதைகளுக்கென்று ஐரோப்பாவில் இஎன் 15567 என்ற தரநிலை உண்டு. நம் நாட்டில் சுற்றுலா அமைச்சகமும் சாகசச் சுற்றுலா நடத்துவோர் சங்கமும் இணைந்து 2018 இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் உள்ளன. இவற்றில் எதைப் பின்பற்றுகிறீர்கள், கடைசியாக வெளியார் ஒருவர் வந்து ஆய்வு செய்தது எப்போது, அந்த அறிக்கையைக் காட்ட இயலுமா என்று கேளுங்கள். கேள்வி கேட்டதற்கே முகம் சுளித்தால் அதுவே பதில்.

அடுத்தது உடலில் மாட்டும் ஹார்னஸ் என்னும் பாதுகாப்புப் பட்டை. ஆறு வயதுக் குழந்தைக்கு இடுப்பெலும்பு இன்னும் அகன்றிருக்காது. இடுப்பில் மட்டும் மாட்டும் ஹார்னஸ் அணிவித்தால், தலைகீழாகப் புரளும்போது குழந்தை அதிலிருந்து நழுவ வாய்ப்புண்டு. தோளையும் சேர்த்துப் பிடிக்கும் முழு உடல் ஹார்னஸ் சிறியவர்களுக்கு அவசியம். பாதையில் நடக்கும்போது உடலிலிருந்து இரண்டு இணைப்புக் கயிறுகள் வரும். ஒன்றைக் கழற்றி அடுத்த வடத்தில் மாட்டும்வரை மற்றொன்று மாட்டியபடியே இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றிவிடுவதுதான் இந்த விளையாட்டின் பெரிய அபாயம். நுழைவிலிருந்து இறங்கும்வரை கழற்றவே முடியாதபடி ஒரே இணைப்பாக ஓடும் அமைப்பும் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அதுவே சிறந்தது. அது இல்லாத இடத்தில் பத்து வயதுக்குக் குறைந்தவர்களை உயரமான பாதையில் விடாதீர்கள். தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் அமைந்த பயிற்சிப் பாதை இருந்தால் அதில் விளையாடட்டும்.

ஜிப்லைனுக்கு மேல்வரம்பு எடை எவ்வளவு முக்கியமோ, கீழ்வரம்பும் அவ்வளவு முக்கியம். எடை குறைந்த பிள்ளை, அதுவும் எதிர்க்காற்று வீசும்போது, கரை சேராமல் வடத்தின் நடுவில் நின்றுவிடும். அப்படி அசைவின்றி நெடுநேரம் தொங்கினால் கால்களில் குருதி தேங்கி மயக்கம் வரலாம் என்பதால், நின்றவரை மீட்க நிலையத்தில் உடனே ஆள் இருக்க வேண்டும். பணம் கட்டுவதற்கு முன் 'நடுவில் நின்றுவிட்டால் எப்படி இறக்குவீர்கள், ஒருமுறை செய்து காட்டுங்கள்' என்று கேளுங்கள். தேர்ந்தவர்கள் மகிழ்ச்சியோடு காட்டுவார்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, காலை எட்டிலிருந்து பதினொன்று வரைதான். மே மாதத்தில் பிற்பகல் இரண்டுக்கு மேல் மலையில் இடி கூடிவிடும். இரும்பு வடத்தில் மனிதர்கள் தொங்கும் இடத்தில் இடியோசை கேட்டால் உடனே நிறுத்த வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் கழித்துத்தான் மீண்டும் தொடங்கலாம். கூடாரம் மின்னலிலிருந்து காக்காது; கட்டடத்துக்குள்ளோ கதவடைத்த காருக்குள்ளோ போய்விடுங்கள்.

தேவகோட்டை ரஸ்தா

மேலே உள்ளவர் சொன்னதுபோல் இரண்டாகப் பிரிப்பதென்றால், கயிற்றுக்குத் தென்மலையை எண்ணிப்பாருங்கள். கேரள அரசின் சூழல் சுற்றுலா மையம் அங்கே உள்ளது. மர உச்சிகளுக்கிடையில் நடைபாதை, தொங்குபாலம், பாறையேற்றம் என்று சாகசப் பகுதி ஒன்று தனியாகவே அமைந்திருக்கிறது. செந்துருணி வனவிலங்குச் சரணாலயம் பக்கத்திலேயே இருக்கிறது.

நமக்கு இதில் உள்ள வசதி ரயில். சிலம்பு விரைவு ரயில் காரைக்குடி, மானாமதுரை, விருதுநகர், தென்காசி வழியாகச் செங்கோட்டை செல்கிறது. வேளாங்கண்ணிக்கும் எர்ணாகுளத்துக்கும் இடையே ஓடும் ரயில் காரைக்குடியைத் தொட்டு, செங்கோட்டையைத் தாண்டி, மலைப்பாதையில் தென்மலை வழியாகப் புனலூர் இறங்குகிறது. இரண்டும் தினசரி ரயில்கள் அல்ல என்பதால் கிழமை பார்த்து முன்பதிவு செய்ய வேண்டும். செங்கோட்டைக்கு அப்பால் குகைகளையும் பதின்மூன்று கண் பாலத்தையும் கடக்கும் பயணத்துக்காகவே பிள்ளைகள் சன்னலோரத்துக்குச் சண்டையிடுவார்கள்.

ஆனால் தென்மலை உயரமான ஊர் அல்ல. மே மாதத்தில் புழுக்கம் மிகுதி. அங்கே கூடாரத்தில் தங்கச் சொல்ல மாட்டேன், அறை எடுத்துக்கொள்ளுங்கள். பாலருவியையும் குற்றாலத்தையும் நம்பி வண்டி ஏற வேண்டாம், சாரல் தொடங்குவதே ஜூனில்தான். ஜூனில் போகலாமென்றால் பள்ளிகள் திறந்துவிடுகின்றன, அட்டைகளும் புறப்பட்டுவிடுகின்றன.

ஆயா வீட்டுத் திண்ணை

ஆண்கள் எல்லோரும் மலையையும் வடத்தையும் பற்றியே எழுதிவிட்டார்கள். பெண்பிள்ளைகள் எத்தனை பேர், கழிப்பறை கூடாரத்திலிருந்து எத்தனை அடி, இரவில் அங்கே விளக்கு எரியுமா என்பதை யாரும் கேட்கவில்லை. உங்கள் தமக்கையார் துணைக்கு வருவது நல்லதே. ஆனால் அந்த வயதில் தரையில் படுத்து எழுவது எளிதன்று. அவருக்கு மட்டும் தோட்ட வீட்டில் கட்டிலோடு ஓர் அறை கேளுங்கள். பிள்ளைகளுக்குக் கூடாரமும் பக்கத்திலேயே ஒரு கூரையும் இருப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. மழை கொட்டினால் பதினான்கு பேரும் எங்கே போவீர்கள்?

புறப்படுவதற்கு முன் வீட்டிலேயே ஓர் இரவு ஒத்திகை வைத்துக்கொள்ளுங்கள். வளவின் ஆத்தங்குடித் தரைக்கல்லில் முளையடிக்க முடியாது, அடிக்கவும் விடாதீர்கள். வளைகம்பியில் தானாக நிற்கும் வகைக் கூடாரமாக இருந்தால் மொட்டைமாடியில் விரித்துப் பிள்ளைகளை அதில் உறங்கச் சொல்லுங்கள். பாதி இரவில் எழுந்து அழும் பிள்ளை யார் என்பது மலைக்குப் போகும் முன்பே தெரிந்துவிடும். அழுதால் திட்டாமல் கீழே அழைத்து வந்துவிடுங்கள்.

உணவுக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். முதல் நாள் மதியத்துக்குக் கட்டுச்சோறாகப் புளியோதரை, அதற்குத் துணையாக வடகம். அடுத்த வேளைகளைத் தோட்டத்தில் சமைப்பவரிடமே ஒப்படையுங்கள். கொறிக்கச் சீப்புச்சீடையும் மாவுருண்டையும் எடுத்துச் செல்லலாம். ஆனால் மூடி இறுக்கமான எவர்சில்வர் தூக்கில் இருக்கட்டும். நெய் மணம் குரங்குகளுக்குத் தெரியாமல் இருக்காது. தின்பண்டம் எதையும் கூடாரத்துக்குள் வைக்கக்கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். குரங்கு கிழித்த கூடாரத்தைக் காட்டிலும் அதன் வாசனைக்கு வரும் எறும்புப் படை கொடியது.

கயிற்றில் ஏறும் நாளில் பெண்பிள்ளைகள் தலைமுடியைப் பின்னிக் கொண்டையாக்கி ஹெல்மெட்டுக்குள் அடக்க வேண்டும். துப்பட்டா, வளையல், தொங்கட்டான், கழுத்துச் சங்கிலி எதுவும் வேண்டாம். ஓடும் கப்பியில் முடி சிக்கினால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. ஆண்பிள்ளைகளின் அரைஞாண் கயிறு ஹார்னஸுக்கு அடியில் நசுங்கி அழுத்தும் என்பதால் வெள்ளியாக இருந்தால் அன்றைக்குக் கழற்றி வையுங்கள். முழுக்கால் சட்டையும் பின்பக்கம் மூடிய காலணியும் போதும். காலணியைக் காலையில் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும்.

இன்னொன்று, புதரில் உட்காராமலும் புல்லில் துணி உலர்த்தாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். வீடு திரும்பி ஒன்றிரண்டு வாரங்களுக்குள் யாருக்கேனும் காய்ச்சல் வந்தால், உடலில் எங்காவது சிகரெட் சுட்டதுபோல் கருத்த புண் இருக்கிறதா என்று பார்த்து, மலையில் தங்கியதை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள். ஸ்க்ரப் டைஃபஸ் என்னும் அந்தக் காய்ச்சல் புதர்களில் உள்ள நுண்பூச்சிக் கடியால் வருவது. தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் மாத்திரையில் அடங்கிவிடும்.

கண்டனூர்ப் பெரியப்பா

நால்வருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. வீட்டில் கலந்து பேசினோம். விளம்பரத்தில் கண்ட இடத்தை விட்டுவிட்டோம். சிறுமலையில் இரண்டு இரவுகள் எல்லோரும் செல்வது என்றும், பத்து வயதுக்கு மேற்பட்ட ஐவரை மட்டும் என் தம்பியும் அவர் மனைவியும் ரயிலில் தென்மலைக்கு அழைத்துச் செல்வது என்றும் முடிவாகியிருக்கிறது. தோட்டத்தை நேரில் பார்க்க அடுத்த வாரம் நானே செல்கிறேன். தமக்கையாருக்கு அறை கேட்கச் சொன்னதை அவரிடம் சொன்னேன். 'பிள்ளைகள் படுக்கும் இடத்தில்தான் நான் படுப்பேன்' என்கிறார். அறையை எடுத்து வைத்துவிட்டு அங்கே போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.

ரயிலில் போகாத சின்னப்பிள்ளைகள் நால்வரும் இப்போதே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஊருக்கு வெளியே எங்களுக்கு ஒரு தோப்பு உண்டு. தென்னை, மா, புளி, வேம்பு, வேலியோரம் முருங்கை ஆகிய மரங்கள் நிற்கின்றன. அங்கேயே அவர்களுக்காகத் தாழ்வான கயிற்றுப் பாதை ஒன்று கட்ட இயலுமா என்று 'கயிறும் கப்பியும்' அவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

கயிறும் கப்பியும்

கட்டலாம் ஐயா, இரண்டு நிபந்தனைகளோடு. கால் வைக்கும் கயிறு தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு மேல் போகக்கூடாது. அந்த உயரத்தில் ஹார்னஸ் தேவையில்லை, விழுந்தாலும் கீழே மணல் கொட்டியிருந்தால் போதும். கல்லையும் வேர் முண்டுகளையும் முதலில் அகற்றிவிடுங்கள். தோப்பில் ஜிப்லைன் மட்டும் கட்டாதீர்கள். வண்டிக்கடையில் வாங்கிய கப்பியில் பிள்ளைகளைத் தொங்கவிடுவது எவ்வளவு தாழ்வாக இருந்தாலும் ஆபத்தானது.

மரங்களில் புளிதான் முதல் தேர்வு. புளியங்கொம்பைப் பிடித்தவன் என்று சும்மா சொல்லிவைக்கவில்லை. அடுத்தது முதிர்ந்த வேம்பு. மாவில் அடிமரம் தாங்கும், கிளையை நம்ப வேண்டாம். முருங்கையின் பக்கமே போகாதீர்கள். தென்னையின் அடிமரம் வலுவானதுதான். ஆனால் அதன் கீழே பிள்ளைகள் விளையாடுவதென்றால் காயையும் காய்ந்த மட்டையையும் முன்பே ஆள்விட்டு இறக்கிவிட வேண்டும், ஆகவே அதைத் தவிர்ப்பதே எளிது.

மேலே ஒன்று, கீழே ஒன்றாக இரண்டு கயிறுகள். கீழே நடக்க, மேலே பிடித்துக்கொள்ள. மேல்கயிறு, கீழ்க்கயிற்றில் ஏறி நிற்கும்போது நால்வரில் மிகச் சிறியவரின் தோள் உயரத்துக்கு இருக்கட்டும். தேங்காய் நார்க்கயிறு உள்ளங்கையைச் சிராய்க்கும், வெயிலில் நைந்தும் போகும். விரல் பருமனுள்ள பாலியஸ்டர் கயிறு வாங்குங்கள். மரத்தில் நேரே கட்டாமல் பழைய கோணிச்சாக்கை நான்காக மடித்துச் சுற்றி அதன்மேல் கட்டுங்கள். ஒவ்வொரு நாளும் பிள்ளைகள் ஏறும் முன் பெரியவர் ஒருவர் முழு எடையையும் வைத்து இழுத்துப் பார்த்து, தளர்ந்திருந்தால் மீண்டும் இறுக்க வேண்டும். மாலையில் மேல்கயிற்றைக் கட்டாயம் அவிழ்த்துவிடுங்கள். இருட்டில் தோப்புக்கு வருபவர் கழுத்தில் அது மாட்டக்கூடாது.